கட்டியவர்: பதினேழு

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குள் கொழுந்தன் அவளை ஏழு விதமாக எழுதிவிட்டான். ஏழிலும் அவள் இல்லை.

"எட்டாவதைக் கேளுங்க அண்ணி." மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மேடையில் மைக் கிடைத்தவனைப் போலத் தொண்டையைச் செருமினான். "நோய்த்தொற்றுத் தடுப்பின் தளராத காவலர். நாளைய மருத்துவத்துக்கு இன்றே வழிகாட்டும் தலைமை. எப்படி?"

"காவலர்னு போட்டா ஆஸ்பத்திரி கேட்ல நிக்கிறேன்னு நினைச்சுக்குவாங்க."

"தளராத காவலர் அண்ணி. தளராத!"

"கேட்ல நிக்கிறவருக்கும் கால் வலிக்கும் தம்பி."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் மேசை மேலிருந்த டம்ளர்களை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கூடத்தின் அந்தப் பக்கம் அவள் கணவர் தரையில் தலையணை போட்டு, முகத்தின் மேல் செய்தித்தாளை விரித்துப் படுத்திருந்தார். வாரத்தில் ஆறு நாள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாற்பது பிள்ளைகளின் சத்தத்தை ஏழாவது நாளில் உடம்பிலிருந்து இறக்கி வைப்பவர் போல அசையாமல் கிடப்பார். மூச்சுக்குச் செய்தித்தாள் ஏறி இறங்கியது.

மணி ஐந்தோடு விண்ணப்பம் மூடிவிடும்.

மாதக் கடைசியோடு அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் கிருமிநீக்கப் பிரிவு வெளியாள் கம்பெனி ஒன்றின் கைக்குப் போகிறது. இருக்கிறவர்களை வேறு வேறு இடத்துக்குப் பிரித்துப் போட்டார்கள். அவளுக்குச் சலவைப் பிரிவு. கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, நான்காக மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டாள். போர்வையும் படுக்கை விரிப்பும் துவைப்பது கேவலம் என்று அவள் நினைக்கவில்லை. பதினெட்டு வருடமாகக் கை கற்றுக்கொண்டதை எல்லாம் ஒரே கையெழுத்தில் விட்டுவிட்டுப் போவதுதான் நெஞ்சில் நின்றது. அப்போதுதான் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் இதே பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு காலியாகிறது என்று கேள்விப்பட்டாள். தாளில் எழுதிய விண்ணப்பத்தை அவர்கள் வாங்குவதில்லை. வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் தங்களைப் பற்றிப் போட்டு வைக்கும் இணையதளத்தில் ஒரு பக்கம் வேண்டும், அதன் முகவரியை அனுப்ப வேண்டும்.

கொழுந்தன் காலையிலேயே வந்து பக்கத்தைத் திறந்துவிட்டான். படம் ஏற்றியாயிற்று. படிப்பு, வருடம், இடம் எல்லாம் நிரப்பியாயிற்று. பெயருக்குக் கீழே ஒரு நீளப் பெட்டி மட்டும் வெறுமையாக இருந்தது. தலைப்பு. இருநூற்று இருபது எழுத்துக்குள் நான் யார் என்று சொல்ல வேண்டும்.

"பேரைக்கூட அப்புறம்தான் படிப்பாங்க அண்ணி. இதைத்தான் முதல்ல பார்ப்பாங்க. மூணு செகண்டு. அதுக்குள்ள ஆளைப் பிடிக்கணும்."

"உன்னுது எப்படி இருக்கு? காட்டு."

அவன் கொஞ்சம் தயங்கிக் காட்டினான். 'தூய்மையின் தூதுவன். கனவுகளைச் செயலாக்குபவன். உறவுகளை உருவாக்குபவன்.'

அவள் இரண்டு தடவை படித்தாள். "வாட்டர் ஃபில்டர் விக்கிறேன்னு எங்கேயும் இல்லையே தம்பி?"

"அதைச் சொன்னா எவன் பார்ப்பான்?"

"ஃபில்டர் வேணுங்கிறவன்."

செய்தித்தாளுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, குறட்டையா என்று சொல்ல முடியவில்லை.

"சரி, நீங்களே எழுதுங்க," என்று அவன் கணினியை அவள் பக்கம் தள்ளினான். "மனசுல வர்றதை எழுதுங்க. நான் பார்க்க மாட்டேன்." சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

பெட்டிக்குள் கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வேலை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில். முன்வாசல் வழியாக அவர்கள் வருவதில்லை. பின்பக்கம் அழுக்குத் துணி வண்டிகள் இறங்கும் சரிவுப் பாதைதான் அவர்களுக்கும் பாதை. மேலே அறுவை சிகிச்சை முடிந்ததும் கருவிகள் மூடிய பெட்டியில், அதற்கென்றே இருக்கும் சின்ன லிஃப்டில் கீழே வரும். கத்தரி, இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப், கொக்கி, கிண்ணம். ஒவ்வொரு கத்தரியையும் விரியத் திறந்து, பல்லிடுக்கில் தேய்ப்பது போலத் தேய்க்க வேண்டும். லென்ஸ் விளக்கின் கீழ்ப் பிடித்துப் பார்க்க வேண்டும். எண்ண வேண்டும். டிரேயில் அதனதன் இடத்தில் அடுக்கி, இரண்டு உறை சுற்றி, நாடா ஒட்டி, நீராவி எந்திரத்துக்குள் ஏற்ற வேண்டும். விளக்கு இல்லாவிட்டாலும் கிளாம்பின் நுனி மயிரிழை விலகியிருப்பதை அவள் விரல் சொல்லிவிடும். அந்தக் கட்டடத்தில் அப்படிப்பட்ட விரல் வேறு யாருக்கும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வந்ததில்லை.

கடைசியில் சீட்டு ஒட்டுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது, தேதி, எந்திர எண், காலாவதி, கட்டியவர். கட்டியவர் என்ற இடத்தில் யாரும் பெயர் எழுதுவதில்லை. எண்தான். அவள் பதினேழு. சேர்ந்த அன்று கொடுத்த எண். பதினாறும் போய்விட்டார், பதினெட்டும் போய்விட்டார், அவள் மட்டும் பதினேழாகவே இருந்தாள்.

அந்த வேலையை எப்படி எழுதுவது? சரியாகச் செய்தால் மேலே எதுவும் நடக்காது. நோயாளி மயக்கத்தில் இருப்பார், எழுந்து வீட்டுக்குப் போவார். புண் சீழ் பிடிக்காது, காய்ச்சல் வராது. பதினெட்டு வருடமாக அவள் செய்தது எல்லாம் இந்த நடக்காத காரியங்கள்தான். நடக்காத ஒன்றை எந்த வார்த்தையால் தலைப்பாக வைப்பாள்?

வெகுநேரம் கழித்து ஒற்றை விரலால் தட்டினாள்.

"முடிச்சிட்டீங்களா?" அவன் நாற்காலியைத் திருப்பினான். படித்தான். படித்தவன் அப்படியே மேசையில் கவிழ்ந்துவிட்டான். தோள் குலுங்கியது.

'கருவிகள், 18 வருடம். எந்திரம் 2. கட்டியவர் 17. காலாவதி: உறை கிழியும் வரை.'

"அண்ணி, இது நீங்களா, மருந்துக் கடை டப்பாவா?" அவனுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. "காலாவதி வேற போட்டிருக்கீங்க!"

"போடணும்ல. இல்லாட்டி மேலே வாங்க மாட்டாங்க," என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவளும் சிரித்துவிட்டாள். கை தன்பாட்டுக்குப் பழகின சீட்டையே எழுதியிருக்கிறது.

சிரித்து ஓய்ந்ததும் அவன் கொஞ்சம் மாறியிருந்தான். "ஒரு நாளைக்கு எத்தனை டிரே கட்டுவீங்க?" என்று கேட்டான்.

"இருபது. சில நாள் இருபத்தஞ்சு."

அவன் ஃபோனில் கணக்குப் போட்டான். லீவு நாளைக் கழித்தான். மறுபடி போட்டான். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான். இருபது வருடமாகச் சோறு போடும் அண்ணியை முதல் தடவையாகப் பார்ப்பவன் போல இருந்தது. "லட்சத்தைத் தாண்டுது அண்ணி."

ஒன்பதாவதை அவன் அலட்டாமல் எழுதினான்.

'கிருமிநீக்கப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள். என் கையால் கட்டிய அறுவைக் கருவி டிரேக்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஒரு தவறும் இல்லை.'

அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. ஒரு லட்சம். அதை அவள் எண்ணியதே இல்லை. ஒரு லட்சம் தடவை உறை சுற்றியிருக்கிறாள். ஒரு லட்சம் தடவை மேலே யாரோ பதினேழு என்று பார்த்துவிட்டு, நம்பிப் பிரித்திருக்கிறார்கள். இந்த வரியில் அவள் இருந்தாள்.

"அமுக்குங்க அண்ணி. மணி நாலாகுது."

விரல் பொத்தானுக்கு மேலே வந்து நின்றது. கடைசி மூன்று சொற்களில் கண் போய் உட்கார்ந்துகொண்டது.

அடுப்படிக் குழாயிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை நாலைந்து தடவை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தெருமுனை வரை போய் அடங்கியது.

"அந்தப் பதினாலை எழுதலியா?"

செய்தித்தாளுக்கு அடியிலிருந்து வந்தது. தாள் அசையக்கூட இல்லை.

ஆறு வருடம் ஆகியிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து இவர் ஒருவரிடம்தான் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். டீ போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, எதிரே வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். மறந்திருப்பார் என்றுதான் அவள் இத்தனை வருடமும் நினைத்தாள். மறந்திருந்தால் நல்லது என்றும் நினைத்திருந்தாள்.

"எந்தப் பதினாலு?" என்றான் கொழுந்தன்.

அவள் சொன்னாள்.

"டிரேக்குள்ள கிண்ணம் இருக்கும் தம்பி. அதைச் சாய்ச்சு வைக்கணும், இல்ல கவுத்து வைக்கணும். நிமிர்த்தி வெச்சா, நீராவி குளிரும்போது தண்ணி அதுல தேங்கிடும். உறை உள்ளுக்குள்ளேயே ஈரமாயிடும். ஈரமானா கிருமி உள்ளே போக வழி கிடைச்ச மாதிரி. புதுசா வந்தவங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. நான்தான் சொல்லிக் கொடுப்பேன்."

"அப்புறம்?"

"அன்னைக்கு நானே நிமிர்த்தி வெச்சிட்டேன். பதினாலு டிரேலயும்."

காலையில் ஏற்றி இறக்கி மேலே அனுப்பியாயிற்று. பத்து மணிவாக்கில் அலமாரியில் மிச்சமிருந்த ஒன்றை நகர்த்தும்போது அடிப்பக்கம் விரலில் சில்லென்று பட்டது. பிரித்தாள். கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர். பதினான்கில் ஐந்து அலமாரியில், ஒன்பது மேலே ஆபரேஷன் தியேட்டரில். வேறு யாரும் பார்க்கவில்லை. ஃபோன் பண்ணினால் யாராவது எடுத்து, யாரிடமாவது சொல்லி, அதற்குள் உறை பிரிந்துவிடும். படியேறி ஓடினாள். தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு, அவள் மாதிரி ஆட்கள் அதைத் தாண்டக் கூடாது. கோட்டில் கால் விரல் படாமல் நின்றுகொண்டு, பதினேழு கட்டினது எல்லாம் திரும்ப வேணும் என்று சத்தமாகக் கேட்டாள். ஒன்பதில் ஒன்று ஏற்கெனவே பிரித்து மேசைமேல் விரித்திருந்தது. காய்ந்துதானே இருக்கிறது என்றாள் நர்ஸ். அதுவும் வேணும் என்றாள் இவள். பெரிய டாக்டர் முகமூடியோடு வெளியே வந்தார். யார் இந்தப் பதினேழு என்று கத்தினார்.

"என்ன சொன்னீங்க?"

"நான்தான்னு சொன்னேன்."

மூன்று மணிநேரம் எல்லா அறுவை சிகிச்சைகளும் தள்ளிப் போயின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில், கிண்ணங்களை நிமிர்த்தி வைத்தது என் தவறு என்று எழுதி, கீழே பதினேழு என்று போட்டாள். ஒரு மாதம் எந்திரத்துக்குப் பக்கத்தில் விடவில்லை. அதற்குப் பிறகு தியேட்டரிலிருந்து கீழே ஃபோன் வந்தால், பதினேழு இருக்காங்களா என்றுதான் கேட்பார்கள். குத்திக் காட்டுகிறார்கள் என்று ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது வாய்விட்டுச் சொல்லும்போதுதான் அது வேறு மாதிரி காதில் விழுந்தது. குத்திக் காட்டுகிறவர்கள் ஆறு வருடமாக இவள் கட்டியதையா கேட்டு வாங்குவார்கள்?

"சரி," என்றான் கொழுந்தன் மெதுவாக. "அதுக்காக அதைப் போய்த் தலைப்புல போடுவீங்களா? வேலை கேட்டுப் போற இடத்துலயா? நான் என் ஃபில்டர் மேல, இது ஒரு தடவை ஒழுகுச்சுன்னு எழுதியா விக்கிறேன்?"

"ஒழுகினப்போ நீ போனியா?"

அவன் வாயைத் திறந்து, மூடி, கூரையைப் பார்த்தான். "ஃபோனை எடுக்கலை," என்றான்.

அவள் சிரிக்கவில்லை. கணினியைத் தன் பக்கம் திருப்பி, ஒன்பதாவதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். லட்சத்தையும் அழித்தாள். அது போகும்போது கொஞ்சம் வலித்தது. பிறகு ஒற்றை விரலால் ஆரம்பித்தாள். இந்தத் தடவை கை எங்கும் நிற்கவில்லை.

'அறுவைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, கிருமி நீக்கி அனுப்புகிறேன். பதினெட்டு வருடம். ஒரு முறை என் தவறால் பதினான்கு டிரேக்கள் ஈரமாயின. மேலே போனவற்றை நானே போய்க் கேட்டுத் திரும்ப வாங்கினேன். கட்டியவர்: 17.'

"அண்ணி, இது தற்கொலை."

"இருநூத்தி இருபதுக்குள்ள இருக்கா, பாரு."

"இருக்கு. ஆனா..."

அமுக்கிவிட்டாள். மணி நாலே முக்கால். செய்தித்தாள் முகத்திலிருந்து இறங்கியது. கணவர் எழுந்து போய் டீக்குப் பால் வைத்தார்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஒன்றும் வரவில்லை. கொழுந்தன் மட்டும் காலையும் மாலையும் ஃபோன் பண்ணினான். 'வந்துச்சா?' 'இல்லை.' 'இப்பகூட மாத்திடலாம் அண்ணி.' 'வை ஃபோனை.' பிரிவில் அட்டைப்பெட்டிகள் அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். வெளியாள் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து எந்திரத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார். சலவைப் பிரிவில் அவளுக்கு அளவெடுத்து நீலச் சட்டை வந்திருப்பதாகச் சொன்னார்கள். அவள் போய் வாங்கவில்லை. அன்றைக்கு உள்ள டிரேக்களை அன்றைக்குக் கட்டினாள்.

வியாழன் மதியம் உடை மாற்றும் அறையில் இருக்கும்போது ஃபோன் அடித்தது. தெரியாத எண்.

"பதினேழுங்களா?" வயதான பெண் குரல்.

பதினெட்டு வருடத்தில் அந்தக் கட்டடத்துக்கு வெளியிலிருந்து யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஆமாங்க," என்றாள். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி. நீங்க கேட்டிருக்கிற நாற்காலியிலதான் இப்ப உட்கார்ந்திருக்கேன். இந்த மாசத்தோட ரிட்டயராகிறேன். ஒண்ணே ஒண்ணு கேட்கணும். அந்தப் பதினாலும் ஏன் ஈரமாச்சு?"

"கிண்ணத்தை நிமிர்த்தி வெச்சிட்டேங்க."

மறுமுனையில் ஒன்றும் இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இல்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. திரும்பக் காதில் வைத்தபோது, தூரத்தில் நீராவி சீறி அடங்குவது கேட்டது. அவர்களுடைய எந்திரம். சீறல் முடியும் இடத்தில் ஒரு சின்ன விக்கல் மாதிரி இருந்தது. கதவு ரப்பர் தேய்ந்திருக்கும்.

"பிரிச்சது ஏதாவது இருந்துச்சா?"

"ஒண்ணு இருந்துச்சு. அதைத்தான் முதல்ல வாங்கினேன்."

மறுபடி அமைதி. இந்த அமைதி அவளுக்குப் பயமாக இல்லை. வேலை நடுவே இரண்டு பேர் ஒரே விளக்கின் கீழ் ஒரே கத்தரியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வருவது போல இருந்தது.

"நாப்பது பேர் போட்டிருக்காங்க," என்றது குரல். "தலைப்பை எல்லாம் வரிசையாப் படிச்சேன். முப்பத்தொன்பது பேர் இந்த வேலைல தப்பே பண்ணினதில்லையாம்."

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"திங்கட்கிழமை பத்து மணிக்கு வாங்க. மேனேஜ்மென்ட் ஆளுங்களும் இருப்பாங்க, அவங்க என்னமோ கேட்பாங்க, பயப்படாதீங்க. என் வார்த்தைக்குத்தான் காத்துட்டிருக்காங்க, நான் சொல்லியாச்சு. நீங்க வந்ததும் எங்க ரெண்டாவது எந்திரத்தைக் கொஞ்சம் பாருங்க. ஏதோ சத்தம் போடுது."

"கதவு ரப்பரா இருக்கும்ங்க."

குரல் சிரித்தது. "வாங்க."

சாயங்காலம் சரிவுப் பாதை முடிகிற இடத்தில் மஞ்சள் வேன் நின்றது. பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு வெறும் வேனாக வருவது வழக்கம். முன்னிருக்கையில் ஏறி, காலடியில் கிடந்த யாருடைய ஒற்றை ஷூவையோ ஓரமாக எடுத்து வைத்தாள். வேன் இரண்டு சிக்னலைத் தாண்டியது. அவள் முகத்தைப் பார்த்ததிலேயே ஏதோ தெரிந்திருக்க வேண்டும், கியர் மாற்றும்போது வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

ஃபோன் அதிர்ந்தது. கொழுந்தனுக்கு மதியமே செய்தி அனுப்பியிருந்தாள். அவன் பதிலுக்குத் தன் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். தூதுவனைக் காணோம், கனவைக் காணோம். 'வாட்டர் ஃபில்டர் விற்கிறேன். ஒழுகினால் ஃபோனை எடுப்பேன்.' அடியில், 'இப்பத்தான் போட்டேன் அண்ணி, அதுக்குள்ள ரெண்டு பேர் கூப்பிட்டுத் திட்டிட்டாங்க. ரெண்டையும் எடுத்தேன்.'

அவள் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினாள். கணவருக்குத் தோள் குலுங்கியது.

"திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க," என்றாள் பிறகு. "கிடைச்ச மாதிரிதான்."

அவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூன்றாவது சிக்னலும் வந்து, சிவப்பு விழுந்து, பச்சை விழுந்தது. பின்னாலிருந்த வண்டி ஹாரன் அடித்த பிறகுதான் வேன் நகர்ந்தது.

"எட்டரைக்குப் பசங்களை இறக்கிடுவேன்," என்றார். "நானே கொண்டு போய் விடுறேன்."

"வழி தெரியுமா? ஒருவழிப் பாதையெல்லாம் இருக்காம்."

"தெரியும். செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன்." அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பெரிய கட்டடம். பின்னாடி ஒரு சரிவு இறங்குது. உங்க ஆளுங்க அந்தப் பக்கமாத்தான் போறாங்க. நிறுத்த இடம் இருக்கு."

செவ்வாய்க்கிழமை என்றால் எந்தப் பதிலும் வராத நாள். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். வெயிலில் கறுத்துப்போன அந்தக் காதையும், காதோரத்து நரையையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியிலிருந்த கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த சலவைப் பிரிவுக் கடிதத்தை எடுத்து, வேனின் குப்பைக் கூடையில் பிஸ்கெட் காகிதங்களோடு போட்டாள்.

"பின்னாடி வேண்டாம்," என்றாள். "முன்வாசல்லயே நிறுத்துங்க."